எலும்புப் புற்றுநோயால் கால் இழந்த பிள்ளைக்குப் பொய்க்கால்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்குப் பொய்க்கால் புதிதல்ல. மிதிவெடியிலோ ஷெல்லிலோ கால் இழந்த ஒருவரையாவது தெரியாத குடும்பம் இங்கே அரிது. ஆனால் அவர்களிடம் கேட்டறிந்ததை வைத்து, எலும்புப் புற்றுநோயால் கால் அகற்றப்பட்ட பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டால் பல இடங்களில் கணக்குத் தப்பும். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, அதன் உடம்பை மெலியவைக்கிறது, பிறகு உடம்பு தேறுகிறது. நோய் திரும்பி வருமோ என்ற பயம் வீட்டை விட்டுப் போகவில்லை. பொய்க்கால் பொருத்திப் பயிற்சி கொடுக்கும் எங்கள் வேலை, ஒரு காலைச் செய்து மாட்டிவிடுவதோடு முடிவதில்லை. வளர்ச்சி நிற்கும் வரை பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைத்து வர வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் எதை அழுத்திச் சொன்னாலும் அதன் அடியில் இந்த ஒன்றுதான் இருக்கிறது.

விளையாடும்போது விழுந்தான். அதனால் வந்ததா?

இல்லை. விழுந்ததால் இந்த நோய் வராது. விழுந்த இடம் நோகிறது என்று படம் எடுத்துப் பார்க்கும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கண்ணில் படுகிறது. பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வரும் எலும்புப் புற்றுநோய்களில் முதலிடம் ஒஸ்ரியோசார்க்கோமாவுக்கு, அடுத்த இடம் யூவிங் சார்க்கோமாவுக்கு. ஒஸ்ரியோசார்க்கோமா பெரும்பாலும் வேகமாக வளரும் இடங்களில், குறிப்பாக முழங்காலைச் சுற்றி வருகிறது. "சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாது" என்று தன்னையே நொந்துகொள்ளும் தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். யாருக்கும் தொற்றாது, யாருடைய குற்றமும் இல்லை.

இன்னொரு பிள்ளைக்காக ஒரு வார்த்தை: இரவில் நித்திரையைக் கலைக்கும் எலும்பு நோவும், நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கமும் இருந்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப்போட வேண்டாம். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

காலை அகற்றாமல் நோயை மட்டும் எடுத்திருக்க முடியாதா?

பல பிள்ளைகளுக்கு முடிகிறது. கட்டியுள்ள எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோக எலும்பும் மூட்டும் வைக்கிறார்கள். ஆனால் பிரதான இரத்தக் குழாயையோ நரம்பையோ கட்டி சுற்றிவிட்டால், கீமோவுக்கு அது சுருங்காவிட்டால், எலும்பு முறிந்து நோய் பரவியிருந்தால், அல்லது பிள்ளை மிகச் சிறியதாக இருந்து வளர வேண்டிய எலும்பு முழுவதும் போய்விடும் என்றால், காலை அகற்றுவது உயிருக்குப் பாதுகாப்பான வழியாகிறது. மூன்றாவது வழியும் உண்டு. முழங்காலோடு நோயுள்ள பகுதியை வெட்டி எடுத்து, கீழ்க்காலைப் பின்பக்கமாகத் திருப்பித் தொடையோடு பொருத்துவார்கள். கணுக்கால் முழங்காலின் வேலையைச் செய்யும். பார்க்கப் பலருக்குத் திகைப்பாக இருக்கும். ஆனால் பொய்க்காலுடன் ஓடி ஆட அது நல்ல வலுத் தரும்.

உள்ளே உலோகம் வைத்த பிள்ளைக்கும் புனர்வாழ்வு வேண்டும். பொய்க்கால் இல்லை என்பதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலில் சூடு, சிவப்பு, காய்ச்சல் கண்டால் உலோகத்தைச் சுற்றிக் கிருமி பிடித்திருக்கலாம். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

எப்போது பொய்க்கால் போடலாம்?

புண் முழுதாக ஆறி, வீக்கம் வடிந்து, எஞ்சிய கால் ஓரளவு நிலையான வடிவத்துக்கு வந்த பிறகு. சாதாரணமாக இதற்கு இரண்டு மாதமளவு போதும். புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு இது நீளும். ஒஸ்ரியோசார்க்கோமாவுக்கு வழக்கமாகச் சத்திரசிகிச்சைக்கு முன் ஏறத்தாழ 10 கிழமை கீமோ கொடுப்பார்கள். பின்னர் புண் ஆறத் தொடங்கியதும் மறுபடி தொடங்கும். அந்த மாதங்களில் வெண்குருதிக் கலங்கள் குறைந்தால் சிறு உராய்வும் கிருமிக்கு வாசலாகும். குருதிச் சிறுதட்டுகள் குறைந்தால் இலேசான அழுத்தத்திலும் தோல் கன்றிப்போகும். உடம்பு மெலிவதால், எஞ்சிய கால் உள்ளே அமரும் பொய்க்காலின் மேற்பகுதியான கிண்ணம் இன்று சரியாக இருந்தாலும் அடுத்த மாதம் தொளதொளக்கும்.

ஆகவே சிலருக்குக் கீமோ நடக்கும்போதே தற்காலிகக் கால் ஒன்று கொடுத்து, இரத்தப் பரிசோதனை நன்றாக உள்ள நாட்களில் மட்டும் நிற்கவும் நடக்கவும் விடுகிறோம். சிலருக்குக் கீமோ முடியும் வரை பொறுக்கிறோம். முடிவைப் புற்றுநோய் வைத்தியரும் நாங்களும் சேர்ந்து எடுக்க வேண்டும். கொழும்புக்கு அருகேயுள்ள மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் பிள்ளை என்றால், ஒவ்வொரு முறை ஊருக்குத் திரும்பும்போதும் கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கையின் பிரதியைக் கையோடு கொண்டு வாருங்கள்.

கால் வரும் வரை வீட்டில் என்ன செய்வது?

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த மாதங்களில் வீட்டில் நடப்பதுதான் பின்னர் பிள்ளை எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தலையணையைப் பற்றி முதலில் சொல்கிறேன். நோகிறதே என்று அம்மம்மா தொடைக்குக் கீழே தலையணை வைப்பார். அன்பில் செய்வதுதான், ஆனால் வேண்டாம். தொடை எந்நேரமும் மேலே மடங்கியிருந்தால் இடுப்பு மூட்டு அப்படியே இறுகிவிடும். இறுகிய இடுப்புடன் பொய்க்கால் போட்டால் பிள்ளை முன்னே குனிந்தே நடக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமளவு, சமமான கட்டிலிலோ பாயிலோ குப்புறப் படுக்க வையுங்கள். வாந்தி வரும் நாட்களில் வற்புறுத்த வேண்டாம். முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்ட பிள்ளை கதிரையில் இருக்கும்போது காலைத் தொங்கப்போடாமல் ஒரு பலகை வைத்து நேராக நீட்டியிருக்கட்டும்.

அடுத்தது எஞ்சிய காலில் சுற்றும் கிரேப் பன்டேஜ் (இழுபடும் துணிக்கட்டு). எட்டு வடிவில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும். முனையில் இறுக்கம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றினால் நடுவில் இறுகி முனை பல்புபோல் வீங்கும். அந்த வடிவத்துக்குக் கிண்ணம் செய்ய முடியாது. நாலைந்து மணிக்கொரு தடவை அவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டே நாளில் தாங்களே சுற்றப் பழகிவிடுவார்கள். பழக விடுங்கள்.

தையல் ஆறியபின் முனையைக் கையால் தொட்டுத் தடவிப் பழக்க வேண்டும். முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு துவாய். தொடுகைக்குக் கூசும் கால் கிண்ணத்தைத் தாங்காது. தழும்பைப் பார்க்கவே மறுக்கும் பிள்ளை உண்டு, பெற்றோரும் உண்டு. தாய் முகம் சுளிக்காமல் தொட்டால் பிள்ளையும் தொடும்.

நல்ல காலையும் கவனியுங்கள். சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் நரம்பைப் பாதிக்கலாம். பாதம் விறைக்கிறது, செருப்புக் கழன்றது தெரியவில்லை, நடக்கும்போது பாதம் தொங்குகிறது என்றால் எங்களிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். ஊன்றுகோலுடன் நிற்கும் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு கால்தான்.

இல்லாத காலின் விரல் நோகிறது என்று அழுகிறாள். மனப்பிரமையா?

உண்மையான நோ. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பிலிருந்து வரும் செய்தியை மூளை காலின் நோவாகவே வாசிக்கிறது. கீமோ பெற்ற பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. "அங்கே ஒன்றுமில்லையே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்ட பிள்ளை அடுத்த முறை நோவை மறைக்கும்.

பன்டேஜின் மெல்லிய அழுத்தம், தடவிக் கொடுத்தல், பொய்க்காலுடன் நடத்தல் எல்லாம் உதவும். கண்ணாடிப் பயிற்சியும் நல்லது. சுவரில் மாட்டும் நீளக் கண்ணாடி ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவே நெடுக்காக நிறுத்துங்கள். கண்ணாடியின் முகம் நல்ல காலைப் பார்த்திருக்க, எஞ்சிய கால் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இப்போது பிள்ளைக்கு இரண்டு கால்களும் இருப்பது போலத் தெரியும். நல்ல காலின் விரல்களை மெல்ல விரித்து, மடக்கி, பாதத்தைச் சுழற்றச் சொல்லுங்கள். முறுக்கிக்கொண்டிருந்த விரல் விரிந்துவிட்டது என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். சிலருக்குப் பார்த்ததும் அழுகை வரும். வந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். இரவு நித்திரை கெடும் அளவுக்கு நோ இருந்தால் நரம்பு நோவுக்கென்றே மருந்துகள் உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

காலை எப்படிச் செய்கிறார்கள்? பிள்ளைக்கு நோகுமா?

நோகாது. ஆனால் குளிரும், கூச்சமாக இருக்கும். எஞ்சிய காலுக்கு மெல்லிய உறை ஒன்றை மாட்டி, எலும்பு முட்டும் இடங்களை ஈரத்தில் ஊறும் பென்சிலால் வட்டமிடுவார்கள். அதன்மேல் நனைத்த பிளாஸ்டர் துணியைச் சுற்றி, இறுகும் வரை கையால் பிடித்திருப்பார்கள். பிள்ளை அந்தச் சில நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பிளாஸ்டர் சூடேறுவதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்து காலை இழுத்துவிடும். கழற்றிய அச்சுக்குள் பென்சில் வட்டங்கள் பதிந்திருக்கும். அதில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் காலின் வார்ப்புக் கிடைக்கும். எங்கே பாரம் தாங்கலாம், எங்கே தாங்கக் கூடாது என்று பார்த்து அதைச் செதுக்குவார்கள். பிறகு அடுப்பில் இளக்கிய பொலிபுரொப்பிலின் தகட்டை அதன்மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சி எடுத்தால் கிண்ணம் தயார். செதுக்குவதில்தான் கைத்திறமை இருக்கிறது.

பாதத்துக்கு ஜெய்ப்பூர் பாதத்தை எல்லோரும் அறிவார்கள். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேதியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்கவும், குந்தவும், சேற்றில் இறங்கவும் கூடிய ரப்பர் பாதம். எந்தப் பாதம் எந்தப் பிள்ளைக்கு என்பது எடை, வயது, வெட்டப்பட்ட உயரம் எல்லாவற்றையும் பார்த்தே முடிவாகும்.

முதல் நாட்களில் எவ்வளவு நேரம் போடலாம்?

கால் மணித்தியாலம் போட்டு, கழற்றி, தோலைப் பாருங்கள். சிவந்த அடையாளம் இருபது நிமிடத்துக்குள் மறைந்தால் நல்லது. மறையாவிட்டால், கொப்புளம் கண்டால், அன்று மறுபடி போட வேண்டாம். எங்களிடம் கொண்டு வாருங்கள். உள்ளே பஞ்சு திணித்து வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

எங்கள் வெயிலில் கிண்ணத்துக்குள் வியர்க்கும். காலையும் கிண்ணத்தின் உட்புறத்தையும் இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து உலர விடுங்கள். காலையில் கழுவிவிட்டு ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறி உரியும். காலுறையைத் தினமும் மாற்ற வேண்டும். பாடசாலைப் பையில் மேலதிகமாக ஒன்று இருக்கட்டும்.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

பெரியவர்கள் ஒரு காலைப் பல வருடம் பாவிப்பார்கள். பிள்ளைக்கு அது நடக்காது. மிகச் சிறிய பிள்ளைக்கு வருடத்துக்கு ஒன்று, பாடசாலை வயதில் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒன்று, வளர்ச்சி பாயும் பருவத்தில் அதைவிட விரைவாகவும் தேவைப்படலாம். கீமோ முடிந்து உடம்பு தேறும் முதல் வருடத்தில் கிண்ணம் எதிர்பார்த்ததற்கு முன்பே இறுகும். கிண்ணம் சரியாக இருந்து உயரம் மட்டும் போதாவிட்டால் கிண்ணத்தையும் பாதத்தையும் இணைக்கும் நடுக்குழாயை நீட்டிக்கொடுக்கலாம். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டச் சொல்கிறோம்.

பின்னால் நின்று பாருங்கள். இடுப்பின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் சதை பிதுங்குகிறதா? நன்றாக நடந்த பிள்ளை நொண்டத் தொடங்கிவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தவணைத் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 70 வீதம் முழங்கால் பக்க முனையிலிருந்து வருகிறது. சிறு வயதில் அந்த முனை போய்விட்டால், பிள்ளை வளர வளர எஞ்சிய தொடை மற்றத் தொடையோடு ஒப்பிடக் கட்டையாகிக்கொண்டே போகும். இது யாருடைய பிழையும் அல்ல, எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டியது.

கனடாவில் இருக்கும் மாமா விலை உயர்ந்த கால் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. மாமாவின் மனதுக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் எங்களோடு அவரைப் பேசச் சொல்லுங்கள்.

கிண்ணத்தை எந்த நாட்டிலிருந்தும் அனுப்ப முடியாது. பிள்ளையின் காலில் அச்செடுத்தே செய்ய வேண்டும். கணினி பொருத்திய முழங்கால் போன்ற பாகங்களை அனுப்பலாம்தான். ஆனால் அவற்றைப் பழுதுபார்க்க இங்கே ஆள் வேண்டும், பாகம் வேண்டும், மின்னேற்றம் வேண்டும். பல வகைகளுக்கு எடை, உயரம் பற்றிய கட்டுப்பாடுகளும் உண்டு. பிள்ளை வளர்ந்து தாண்டிவிட்டால் அலுமாரிக்குள் போய்விடும். அங்கே யாரோ பாவித்த காலை முழுதாக அனுப்புவதிலும் பெரிய பயனில்லை. கழற்றக்கூடிய பாகம் ஏதும் பொருந்துமா என்று தொழில்நுட்பவியலாளர் பார்த்துச் சொல்வார்.

என் அபிப்பிராயம் இது: அந்தப் பணத்தை ஒரே காலில் போடாமல், அடுத்த சில வருடங்களுக்குக் கிண்ணம் மாற்றும் செலவுக்கும், மகரகமவுக்குப் போய்வரும் செலவுக்கும், தகப்பன் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் ஒதுக்கி வைத்தால் பிள்ளை கூடுதலாக நடக்கும். வளர்ச்சி நின்ற பின் நல்ல முழங்கால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மாமா டெரி பொக்ஸை அறிந்திருப்பார். 1977இல், 18 வயதில், இதே ஒஸ்ரியோசார்க்கோமாவால் வலக்காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். அவர் காலில் கணினி எதுவும் இருக்கவில்லை. நோய் நுரையீரலில் திரும்பியதால் ஓட்டத்தை நிறுத்தினார், மறு வருடம் இறந்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் முழுக் கதையையும் தேடி வாசித்துவிட்டு வந்து கேட்பார்கள். மறைக்காமல், அந்தக் காலத்தைவிட இன்று கீமோ எவ்வளவோ முன்னேறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முனையில் கூராக ஏதோ முட்டுகிறது. நோய் திரும்பிவிட்டதா?

பயப்படுவது நியாயம். ஆனால் வேறு காரணமும் உண்டு. எலும்பின் நடுப்பகுதியில் வெட்டப்பட்ட வளரும் பிள்ளைகளில், முனையில் புது எலும்பு ஈட்டிபோல் வளர்ந்து தோலை உள்ளிருந்து குத்தும். மூட்டோடு கழற்றப்பட்டவர்களுக்கு இது வருவதில்லை. தேவையானால் சிறு சத்திரசிகிச்சையில் சீர்செய்வார்கள். இரண்டில் எது என்பதைக் கையால் தடவிச் சொல்ல முடியாது. படம் எடுத்துப் புற்றுநோய் வைத்தியர் பார்க்கும் வரை யாரும், நாங்கள் உட்பட, ஆறுதல் சொல்லி அனுப்பக் கூடாது.

கோயிலுக்கு, கிணற்றடிக்கு, கடலுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் கால் செய்யும்போதே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பொய்க்கால் குறிப்பிட்ட ஒரு குதி உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படுகிறது. சப்பாத்துடன் அளந்த காலை வெறுங்காலாகப் போட்டால் பிள்ளை பின்னால் தள்ளுப்படும், முழங்கால் விறைத்து நிற்கும். எங்கள் பிள்ளைகள் வீட்டிலும் கோயிலிலும் வெறுங்கால், பாடசாலைக்குச் சப்பாத்து. இரண்டையும் சொல்லுங்கள். சப்பாத்தையும் கொண்டு வாருங்கள்.

நல்லூர்த் திருவிழா மணலில் முழங்காலுக்கு மேல் வெட்டப்பட்ட பிள்ளை விரைவில் களைத்துவிடும். ஊன்றுகோல் கொண்டு போங்கள், சன நெரிசல் குறைந்த நேரத்தில் போங்கள். குந்தும் மலசலகூடத்தில் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டவர் பழகிக்கொள்வார், மேலே வெட்டப்பட்டவருக்குக் கொமட் இருக்கையும் சுவரில் ஒரு கைபிடியும் தேவை. கிணற்றடியில் பாசி பிடிக்க விடாதீர்கள். விழுந்து முனையில் அடிபட்டு வரும் பிள்ளைகளில் பலர் குளிக்கும் இடத்தில் விழுந்தவர்கள். கடலில் இறங்கினால் பிறகு நல்ல தண்ணீரில் காலையும் பொய்க்காலையும் கழுவி மணலை எடுத்துவிடுங்கள். கீமோவுக்கான குழாய் உடம்பில் இருக்கும் வரை கடல் வேண்டாம்.

பாடசாலைக்கு எப்போது அனுப்புவது?

வைத்தியர் அனுமதித்த முதல் நாளே, பொய்க்கால் வராவிட்டாலும், ஊன்றுகோலுடன். முன்கூட்டியே அதிபரையும் வகுப்பாசிரியரையும் சந்தியுங்கள். கேட்க வேண்டியவை எளியவை: வகுப்பு கீழ்த்தளத்தில் வேண்டும், மலசலகூடம் அருகில் வேண்டும், புத்தகப் பையை இன்னொருவர் தூக்க அனுமதி வேண்டும். சிஸ்பிளாட்டின் காது கேட்பதையும் குறைக்கலாம். ஆசிரியர் சொல்வதைக் கவனிக்கவில்லை என்று ஏச்சு வாங்கும் பிள்ளைக்கு உண்மையில் கேட்காமல் இருக்கலாம். முன் வாங்கில் இருத்தச் சொல்லி, செவிப் பரிசோதனையும் செய்யுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் பெயரைப் பதிந்துவிட்டு, மற்றவர்கள் ஓடும் நேரத்தைக் குறிக்கும் வேலையில் இருத்துவதே வழக்கம். பிள்ளையிடம் கேளுங்கள். குண்டு போடவோ தட்டு எறியவோ ஆசைப்படலாம். ஓட ஆசைப்பட்டால் எங்களிடம் சொல்லுங்கள், பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் டொக்சோருபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அதைப் பெற்ற பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் முதலில் இதயப் பரிசோதனை.

பொய்க்காலைப் போட மாட்டேன் என்கிறான்.

முதலில் நோகிறதா என்று பாருங்கள். பாதிப் பிடிவாதம் சரியாகப் பொருந்தாத கிண்ணத்தால் வருவது. அப்படி இல்லையென்றால் பொறுங்கள். ஊன்றுகோலில் அவன் வேகமாகப் போகிறான், பொய்க்கால் மெதுவாக இருக்கிறது. அவனுக்கு வேண்டிய ஒன்றுக்காக அது பயன்படும்போது போடுவான்: இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்து நடக்க, சைக்கிள் மிதிக்க. அதே நிலையில் உள்ள இன்னொரு பிள்ளையைச் சந்திக்க வைப்பது எங்கள் புத்திமதிகள் எல்லாவற்றையும்விடப் பலன் தருகிறது. பெற்றோர் சம்மதித்தால் ஒழுங்கு செய்வோம்.

கை அகற்றப்பட்டிருந்தால்?

செயற்கைக் கையைப் பல பிள்ளைகள் கொஞ்சக் காலம் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள், ஒரு கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறார்கள். அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம். எழுதும் கை போயிருந்தால் மற்றக் கையால் எழுதும் பயிற்சியை உடனே தொடங்குங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் பற்றி அதிபர் மூலம் முற்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பெண்பிள்ளை. நாளைக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு?

பொய்க்கால் இரண்டுக்கும் தடையல்ல. சில கீமோ மருந்துகள் கருவளத்தைப் பாதிக்கலாம். அதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே வைத்தியரிடம் கேட்பது நல்லது, முடிந்த பிறகும் கேட்கலாம். இந்தக் கேள்வியைப் பிள்ளையின் முன்னால் பெருமூச்சோடு கேட்காதீர்கள்.

எங்கே போவது? முதல் முறை என்ன கொண்டு வர வேண்டும்?

யாழ். போதனா வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவிலும், 1980களின் பிற்பகுதியிலிருந்து இங்கே இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையத்திலும் விசாரியுங்கள். காசு கட்ட வசதியில்லை என்றால் முதல் நாளே சொல்லுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். பிள்ளையின் தொடர் பரிசோதனைகளில் எதையாவது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் செய்ய முடியுமா என்று மகரகம வைத்தியரிடம் கேளுங்கள். நானூறு கிலோமீற்றர் பயணம் ஒவ்வொரு முறையும் தேவையா என்று கேட்பதில் பிழையில்லை. ஆனால் அவர் வரச்சொன்னால் கட்டாயம் போங்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலில்தான் முதலில் தெரியும். நன்றாக நடக்கிறானே என்று நுரையீரல் படம் எடுப்பதைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு.

வரும்போது சத்திரசிகிச்சை அறிக்கை, கீமோ அட்டை, கடைசி இரத்தப் பரிசோதனை, கட்டைக் காற்சட்டை ஒன்று, வலது இடது இரண்டு சப்பாத்தும் கொண்டு வாருங்கள். காய்ச்சல் இருந்தால் எங்களிடம் வர வேண்டாம், கீமோ நடக்கும் பிள்ளைக்கு அது அவசர நிலை. நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.